மிதிக்கிற காலுக்கு ஒரு சப்பாத்து

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவை ஆறுதலா வாசியுங்கோ.

இறுப்பிட்டியில் ஒரு வாத்தியாரும் ஒரு கனடாக்காரரும் பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து சப்பாத்துகளைக் கவிழ்த்து வைத்துப் பார்க்கினம் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. சந்தைக்குப் போனால் கேட்கிறார்கள், பஸ்ஸில் கேட்கிறார்கள். போன கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றும் கேட்டுவிட்டது: "சேர், சப்பாத்துக்கடை போடப் போறியளோ?" எல்லாருக்கும் ஒரே தரத்தில் பதில் சொல்லத்தான் இது. ஐயாவிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். பேர் மட்டும் போடவேண்டாம் என்றார்.

நான் தங்கியிருக்கும் அறைக்குப் பக்கத்து வீடுதான் அவருடையது. பல வருசம் பூட்டிக் கிடந்த வீடு. ஐயா ஆடி மாதம் ரொறன்ரோவில் இருந்து வந்து, யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் இருந்த தாயாரையும் கூட்டிவந்து திறந்தார். தைப்பொங்கல் முடியத் திரும்பிப் போவதாக ஏற்பாடு. அவருடைய பயணப் பொதிகளில் ஒன்று முழுக்க முழுக்க ஒரே சாமான். சவப்பெட்டி மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. அதைத் திறந்து நாலு கால் பூட்டி நிமிர்த்தியபோது, நான் உண்மையாகவே அது ஏதோ ஒரு தையல் மெசின் என்றுதான் நினைத்தேன். மேலே பலகை, கீழே கம்பிகள், அதற்குக் கீழே பெடல்கள்.

"மெசின் இல்லைச் சேர், கிற்றார்" என்றார்.

பெடல் ஸ்ரீல் கிற்றார். பெயர் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹவாய் தீவுகளில் கிற்றாரை மடியில் படுக்க வைத்து, தந்தியின் மேல் ஒரு இரும்புத் துண்டை வழுக்கி வாசித்தார்கள். அந்த வாசிப்பு கல்கத்தா வரைக்கும் வந்து, பழைய ஹிந்திப் பாட்டுகளில் எல்லாம் இழைந்து கேட்டது. அமெரிக்காவில் அதற்குக் கால் பூட்டி, பெடலும் பூட்டினார்கள். 1954இல் வெப் பியர்ஸ் என்ற பாடகரின் ‘ஸ்லோலி’ என்ற பாட்டு பெயர் பெற்றது. அதில் பட் ஐசக்ஸ் என்பவர் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துச் சுரத்தை வளைத்தார். அதைக் கேட்டபிறகு மற்ற வாத்தியக்காரர் எல்லாம் தங்கள் கிற்றாருக்கும் பெடல் பூட்ட ஓடினார்களாம். ஐயா கனடாவில் உணவகச் சமையலறையில் இரவு வேலை செய்த காலத்தில் வானொலியில் கேட்டு, இதில் விழுந்தவர். முப்பது வருசமாக வாசிக்கிறார். நாதஸ்வரக்காரர் சுரத்தை இழுப்பதுபோல இழுப்பார். கேட்டால் உங்களுக்கும் பிடிக்கும்.

எங்கள் ஊர் நாடக மேடைகளில் கால் ஆர்மோனியம் பார்த்தவர்கள் உண்டு. அதில் கால் செய்யும் வேலை காற்றடிப்பது மட்டும்தான். எந்தக் காலும் போதும், எந்தச் செருப்பும் போதும். இதில் அப்படியில்லை. பத்துத் தந்தி. இடது காலுக்கு மூன்று பெடல்: ஏ, பி, சி. ஏ பெடலை மிதித்தால் ஐந்தாம், பத்தாம் தந்திகள் ஒரு முழுச் சுரம் ஏறும். பி பெடல் மூன்றாம், ஆறாம் தந்திகளை அரைச் சுரம் ஏற்றும். சி இன்னொரு சோடியை. ஏ-யையும் பி-யையும் ஒரே பாதத்தால் சேர்த்து மிதிக்கவேண்டும். பிறகு பாதத்தை ஒரு பக்கம் சரித்து ஒன்றை மட்டும் விடவேண்டும். பிறகு பி-யில் இருந்து கழராமலே சி-க்கு வழுக்கிப் போகவேண்டும். வலது கால் முழுநேரமும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடலில். இரண்டு முழங்கால்களுக்கும் இடம், வலம் என்று நெம்புகள் வேறு. கை செய்வதைவிடக் கால் செய்வது கூட.

ஆகவே காலில் என்ன போடுகிறோம் என்பது அங்கே சின்ன விசயம் இல்லை. வீடியோக்களில் பார்த்தால் அமெரிக்கக் கலைஞர்கள் பலர் குதி வைத்த, முனை கூரான தோல் சப்பாத்து போட்டிருப்பார்கள். அது வெறும் ஸ்ரைல் என்று நினைத்தேன். ஐயா சொல்லித்தான் விளங்கியது. முனை ஒடுக்கம் என்றால் பக்கத்துப் பெடலைத் தட்டாது. தோல் அடி என்றால் வழுக்கும். ஆனால் குதி உயர்ந்தால் முழங்காலும் உயரும், முழங்கால் உயர்ந்தால் நெம்பு இடிக்கும். அதனால் ஒரு சப்பாத்தில் பழகியவர் அந்தச் சப்பாத்தின் உயரத்துக்கே வாத்தியத்தைப் பூட்டி வைத்திருப்பார். ஐயா அப்படிப் பழகிய சப்பாத்து ரொறன்ரோவில் நின்றுவிட்டது. பொதியின் நிறை கூடிவிட்டதாம். கிற்றாரைக் கொண்டுவந்து சப்பாத்தை விட்டுவிட்டு வந்த மனிசன்.

இங்கே வந்த நாளில் இருந்து அவர் வெறுங்காலில்தான் வாசித்தார். வீட்டுக்குள் வேறு வழியும் இல்லை. ஆச்சிக்கு வயது 88. வாசல்படி தாண்டி ஒரு செருப்பு உள்ளே வரவிடமாட்டா. "கனடாவில எப்பிடியோ எனக்குத் தெரியாது, இது சாமியறை இருக்கிற வீடு" என்று ஒரு சொல். நானும் வெறுங்கால்தான் நல்லது என்று நினைத்தேன். பெடலைத் தொட்டு உணரலாம், சீமெந்துத் தரையும் குளிர்ச்சி.

புரட்டாதியில் ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெடலைப் பார்த்தேன். பி பெடலின் ஓரத்தில் காய்ந்த கறுப்பு. உப்புக்காற்றுக்குக் கறள் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் தீவில் எந்த இரும்பு தப்பும்? வாப்பாவிடம் தையல் மெசின் எண்ணெய் வாங்கிவந்து தரலாம் என்று யோசித்துக்கொண்டு விரலால் சுரண்டினேன். கறள் இல்லை, இரத்தம்.

"ஐயா, காலைக் காட்டுங்கோ."

"ஏன் சேர்?"

"காட்டுங்கோ."

சின்னவிரலுக்குக் கீழே, பாதத்தின் ஓரத்தில் ஒரு அங்குலத்துக்கு வெட்டு. ஓரம் வெளுத்துப் போயிருந்தது. எப்ப வெட்டியது என்று கேட்டேன். அவருக்குத் தெரியாது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பதினாறு வருசமாக நீரிழிவு. காலில் உணர்ச்சி குறைந்துகொண்டு வருவதாகக் கனடாவில் வைத்தியர் சொன்னவர்தான். "வாசிக்கேக்க இடைஞ்சல் இல்லை, அதால கணக்கெடுக்கேல்லை" என்றார்.

நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று அவர் பிறகு கேட்டார். அதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

என் வாப்பா தையற்காரர். யாழ்ப்பாணத்தில் எங்கள் பகுதியில் கடை வைத்திருந்தார். 1990 ஒக்ரோபர் 30 வெளிக்கிட்ட கதை இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், திரும்ப எழுதவில்லை. மெசின் கடையிலேயே நின்றுவிட்டது. வாப்பா பாட்டாவோடுதான் வந்தார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள், மணல் தரையில், இரண்டாம் கை மெசின் ஒன்றை வாங்கிப் போட்டுத் திரும்பத் தொடங்கினார். மெசின் மிதிக்கிறவர்கள் செருப்புப் போடமாட்டார்கள். குதியும் விரலும் மாறி மாறி அழுத்தவேண்டும், வேகம் பாதத்தில்தான் பிடிபடும் என்பார். தையற்கடைத் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நூல், வெட்டுத்துண்டு, குண்டூசி, முறிந்த ஊசி. மணலில் விழுந்தால் எடுக்கவா முடியும்?

2007இல் நான் புதிதாக நியமனம் கிடைத்து வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் வாப்பா சொன்னார்: "மகன், கால் பஞ்சில மிதிக்கிற மாதிரிக் கிடக்கு. மெசினுக்குப் போட மெல்லிசா ஒரு சப்பாத்து இருந்தா வாங்கிட்டு வாங்க." நான் சிரித்தேன். சப்பாத்துப் போட்டுத் தைக்கிற ரெயிலரை யார் கண்டது என்று பகிடி விட்டேன். மிதித்து மிதித்துக் களைத்த கால், ஓய்வெடுத்தால் சரியாகும் என்று படித்த பிள்ளையின் குரலில் சொல்லியும் வைத்தேன். அவருக்கு நீரிழிவு என்று எனக்குத் தெரியும். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான்.

மூன்று மாதத்துக்குப் பிறகு உம்மா தொழுகைப் பாயில் கறை கண்டா. முறிந்த ஊசியின் முனை பெருவிரலுக்குப் பக்கத்தில் ஏறி எத்தனை நாளோ. இரண்டு விரல் போனது. வாப்பா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தச் சப்பாத்துக் கதையை இன்றைக்கு வரைக்கும் எடுத்ததில்லை. எனக்கு மறக்கவில்லை.

சரி, ஐயாவின் கதைக்கு வருவம். அடுத்தநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மெல்லிய நைலோன் நூலால் பாதத்தில் பத்து இடத்தில் குத்திப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறதா என்று சொல்லவேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நூல் அது. இடது காலில் பத்தில் நாலு இடத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. காயம் ஆற ஐந்து கிழமை எடுத்தது. வெறுங்கால் வீட்டுக்குள்ளும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கிற்றார் பற்றி நான் கேட்டேன். அங்கிருந்த தாதி கொஞ்சம் யோசித்துவிட்டு, வெட்டாத சப்பாத்து ஒன்று போட்டு வாசிக்கட்டும், ஒவ்வொரு நாளும் முடிந்தவுடன் காலைப் பார்க்கச் சொல்லுங்கோ என்றா. அந்த ஒரு வசனத்தில் இருந்துதான் எங்கள் சப்பாத்துக்கடை தொடங்கியது.

முதலில் அவரிடம் இருந்த கனடாச் சப்பாத்து. நீரிழிவுக்காரருக்கென்றே செய்தது. அகலம், மெத்தென்ற தடித்த அடி. நடக்க அருமை. வாசித்துப் பார்த்தால் ஏ-யை மட்டும் மிதிக்க முடியவில்லை, பி-யும் சேர்ந்து போகிறது. இரண்டையும் மிதித்தால் சி-யையும் உரசுகிறது. அளந்து பார்த்தேன். ஒரு பெடலின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு மூன்று அங்குலமும் இல்லை. சப்பாத்தின் அடியோ நாலரை அங்குலம். கணக்கு அங்கேயே முடிந்தது.

பாட்டா போட்டுப் பார்த்தார். குதி தூக்கும்போது பாட்டா பின்னால் தொங்கி, பாதம் திரும்ப இறங்கும்போது பெடலுக்குக் கீழே மாட்டியது. விரலிடுக்கு வாரும் அவருடைய காலுக்குக் கூடாது.

நான் ஒரு யோசனை சொன்னேன். உம்ரா போய் வந்த உறவினர் ஒருவர் தந்த தோல் மேசு ஒரு சோடி என்னிடம் இருந்தது. மெல்லிய தோல், பாதத்துக்கு இறுக்கமாக இருக்கும், வீட்டுக்குள் போடுவது. பெடலில் அற்புதம். ஏ-யில் இருந்து சி வரைக்கும் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. ஆனால் குதியும் சீமெந்தில் வழுக்கியது. இரண்டு பாட்டுக்குள் கால் முன்னால் போய் மனிசன் கதிரையில் இருந்து விழப் பார்த்தார். கைவிட்டோம்.

பிறகு பிள்ளைகள் போடும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. ஒடுக்கம், அடி மெல்லிசு, உயரம் இல்லை, நெம்பு இடிக்கவில்லை. எல்லாம் சரி, ஆனால் ரப்பர் பெடலைப் பிடித்துக்கொண்டு வழுக்க மறுத்தது. பி-யில் இருந்து சி-க்குப் போகக் காலைத் தூக்கித்தான் வைக்கவேண்டும். தூக்கினால் சுரம் விழுந்துவிடும். ஐயா இரண்டு நாள் முகம் சுண்டிப்போய் இருந்தார். "இனி என்ன சேர், பெட்டியில போட்டுப் பூட்டுவம்" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை. உணர்ச்சி இல்லாத காலை வைத்துக்கொண்டு எப்படிப் பெடல் கண்டுபிடிக்கிறீர்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். பாதம் சொல்லாவிட்டால் கணுக்கால் சொல்லுமாம், முழங்கால் சொல்லுமாம். மிச்சத்தைக் காது சொல்லுமாம். பெடலுக்கு முடிவிடம் ஒன்று இருக்கிறது, அதுவரைக்கும் அழுத்தினால் சுரம் சரியாக நிற்கும். பாதி மிதித்து நிறுத்துகிற வேலைகளை மூன்று வருசமாக அவர் விட்டுவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை குறிகட்டுவானில் இருந்து வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனேன். வாணர் பாலத்தில் காற்று முகத்தில் அறைய அறைய யோசித்துக்கொண்டே போனேன், வாப்பாவிடம் கேட்பதா விடுவதா என்று. பதினெட்டு வருசமாக நாங்கள் கதைக்காத சாமான் அது. இரவு சாப்பிட்ட பிறகு கன்வஸ் சப்பாத்தை எடுத்து மேசையில் வைத்தேன். முழுக்கதையையும் சொன்னேன். வாப்பா சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெடல் எவ்வளவு அகலம்?"

சொன்னேன்.

"குதி நிலத்திலயோ, பெடலிலயோ?"

"நிலத்தில."

"அப்ப என்ன கஷ்டம். குதிக்கு ரப்பர், முன்பாதிக்குத் தோல். ஒரு சப்பாத்துக்கு ஒரு அடிதான் இருக்கோணும் எண்டு ஆர் சொன்னது?"

பிறகு சட்டைப்பையில் இருந்து சோக்குக்கட்டியை எடுத்தார். 79 வயதிலும் அது அவருடைய பையில் இருக்கும். அடியில் ஒரு கோடு கீறினார். எங்கே தோல் தொடங்கவேண்டும், ஓரத்தில் எவ்வளவு சீவவேண்டும் என்று. வலது சப்பாத்தைத் தொடவேண்டாம் என்றார், அது ஒரே பெடலில் கிடக்கிற கால், அதற்கு ரப்பர்தான் நல்லது. அளவு எடுப்பதென்றால் பின்னேரம் எடு, காலையில் எடுத்த அளவு பின்னேரம் கடிக்கும் என்றார். கால் பொழுதேறப் பொழுதேற வீங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் அதேதான்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்து செருப்புத் தைக்கிற ஒருவரிடம் கொடுத்தோம். கோட்டைப் பார்த்தவுடனேயே "இது ரெயிலர் கீறின கோடு" என்றார். முன்பாதி ரப்பரை உரசி எடுத்து மெல்லிய தோல் ஒட்டித் தைத்தார். உள்ளே எம்.சி.ஆர். ரப்பர் அட்டை ஒன்று வெட்டி வைத்தார். நீரிழிவுக்காரரின் செருப்புகளில் போடுவார்களே, அந்தக் கறுப்பு மெத்தை ரப்பர். உள்ளே தையல் முடிச்சு ஒன்றும் தட்டாமல் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். கூலி 1500 ரூபா. எதற்கு என்று கேட்டார். சொன்னேன். நம்பினமாதிரித் தெரியவில்லை.

ஆச்சியை வழிக்குக் கொண்டுவந்தது தனிக்கதை. புதுச் சப்பாத்து, ஒருநாளும் தெருவை மிதிக்காது, பெட்டிக்குள்தான் இருக்கும் என்று ஐயா சத்தியம் பண்ணாத குறை. ஆச்சி அடியைத் தடவிப் பார்த்து "இது தோலெல்லே" என்றா. கடைசியில் உடன்பாடு இதுதான்: சப்பாத்து விறாந்தையைத் தாண்டாது, ஆகவே கிற்றார் விறாந்தைக்கு வரும். விறாந்தை என்றால் கடற்காற்று நேரே வரும். பெடல் கம்பிகளுக்குக் கிழமைக்கு ஒருதரம் எண்ணெய் போடவேண்டும். வாப்பாவின் மெசின் எண்ணெய் போத்தல் இப்ப அங்கேதான். ஊருக்கெல்லாம் சத்தம் கேட்பதும், உங்களுக்குக் கதை வந்ததும் இதனால்தான்.

வாசிக்கும்போது ஐயா வெள்ளை மேசுதான் போடுகிறார். கறுப்பில் இரத்தம் தெரியாது. போடமுதல் சப்பாத்துக்குள் கையை விட்டுப் பார்ப்பார், பல்லியோ கல்லோ என்று. முடிந்தவுடன் மேசைக் கழற்றிப் பாதத்துக்குக் கீழே சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பார்ப்பார். அவருடைய கண் சரியாகப் பிடிக்காத நாளில் ஆச்சி பார்ப்பா. 88 வயதில் கண்ணாடி போடாமல் நூல் கோக்கிறவ.

போன ஞாயிறு வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். 1990க்குப் பிறகு அவர் தீவுப்பக்கம் வருவது முதல்தரம். ஐயா ஒரு பழைய படப்பாட்டை வாசித்தார், பிறகு தன்னுடைய கனடாப் பாட்டு ஒன்று. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தால், வாப்பா பாட்டைக் கேட்டமாதிரியே இல்லை. கதிரையை இழுத்துப் போட்டுக் குனிந்து, ஐயாவின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் சோக்குக்கட்டியை எடுத்தார்.

"இந்த வெளிப்பக்க ஓரம் இன்னும் கொஞ்சம் சீவலாம். சி-க்குப் போகேக்க தட்டுப்படுது."

"ஓம் காக்கா, எனக்கும் அப்பிடித்தான் கிடந்தது" என்றார் ஐயா.

சப்பாத்து இப்ப திரும்பவும் யாழ்ப்பாணத்தில். வியாழக்கிழமை எடுக்கப் போகிறேன். தை மாதம் அவர் போகமுதல் இன்னொரு சோடியும் செய்து கொடுத்துவிட யோசனை. எட்டாம் அளவில், ஒடுக்கமான பழைய தோல் சப்பாத்து, அடி தேயாதது, யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கோ. பள்ளிக்கூடத்தில் குடுத்துவிட்டாலும் சரி.